நாலு விரல் உயரம்

பாரிஸ்
12 பிப்ரவரி 1935

கெரித்தி கடற்கரையின் மீன்ராணியும், மறைந்த என் ஒரே அக்காவின் ஒரே மகளும், பதில் எழுதுவதில் உலகச் சோம்பேறியுமான பெரினாவுக்கு, உன் தாய்மாமன் குவெனோலே எழுதுவது.

நான் இங்கே சுகம், இடது முழங்காலைத் தவிர. அதுவும் மழைக்கு மூன்று நாள் முன்னாலேயே வலிக்கத் தொடங்கிவிடுகிறது. பாரிஸ் வானிலை அலுவலகம் என் முழங்காலை விசாரித்துத்தான் அறிக்கை விடுகிறது என்று ஒரு பேச்சு. நீயும், உன் மீன்கூடைகளும், பக்கத்து வீட்டுக் கொராந்தினும், அவள் நாக்கும் நலம்தானே? நாக்கைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கெரித்தி முழுவதும் கடலுக்குள் போனாலும் அது மட்டும் மிதக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஊர் உடுப்போடுதான் பூசைக்குப் போகிறேன். அந்தக் கறுப்பு வெல்வெட்டும், மார்பில் மஞ்சளும் ஆரஞ்சுமாக எரிகிற பட்டுநூல் வேலையும், தொப்பியிலிருந்து பின்னால் பறக்கிற ரிப்பனும்! போன வாரம் ஒரு டிராம் வண்டி என்னைப் பார்த்ததும் தண்டவாளத்தை விட்டு இறங்கி வழிவிட்டது. "பரவாயில்லை, போ" என்று பெருந்தன்மையாக அனுப்பிவைத்தேன்.

இப்போது செய்தி. உங்கள் ஊரிலிருந்து கெம்பேர் சந்தைக்குப் போகிற அந்தக் கித்தான் கூரை போட்ட கோழிக்கூண்டு இருக்கிறதே, அதற்கு அந்திமக் காலம் வந்துவிட்டது. ஃப்ளோக் முதலாளி பாரிஸில் ஒரு பட்டறையில் புதுப் பேருந்து ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறார். அது பேருந்து அல்ல, சக்கரம் வைத்த அரண்மனை. ஒரு பேராயர் அதில் ஏறினால் இறங்க மறுத்து, அங்கேயே மறைமாவட்டத்தை நடத்துவார். ஏறி உட்கார்ந்த உடனே, "இதைச் செய்த கைக்கு ஒரு முத்தம்" என்று நீயே சொல்வாய். யார் கை என்று அப்புறம் சொல்கிறேன்.

நம் ஊரில்தான் கிணற்றுக்கு ஒரு புனிதர் இருக்கிறாரே, அத்தனை பேரும் உன்னைக் காக்கட்டும்.

உன் மாமன்,
குவெனோலே திராவ்லெக்


கெரித்தி
18 மார்ச் 1935

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம், கழுத்தைத் தவிர. உங்கள் முழங்கால் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். கொராந்தின் உங்களை விசாரித்தாள். அவள் விசாரித்த வார்த்தைகளை எழுதினால் தபால்காரர் கூச்சப்படுவார்.

அரண்மனை வந்து சேர்ந்தது. போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை. பச்சை நிறம், பித்தளைக் கைப்பிடி, துணி போட்ட இருக்கை. சந்தைக்குப் போகிற ஏழு பேரும் கூடைகளோடு ஏறினோம். உட்கார்ந்தோம். உச்சந்தலையில் நிமிர்ந்து நின்ற ஏழு லேஸ் குல்லாவும் கூரையில் முட்டின.

லேசாக இல்லை மாமா. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்று, சீப்பும் ஊசியும் குத்தி நிமிர்த்திய ஒன்றரைச் சாண் லேஸ், நடுவில் ஒடிந்த மெழுகுவர்த்தி மாதிரி ஆகிவிட்டது. கண்டக்டர் ஹெர்வே ஓடிவந்தார்.

"ஏம்மா, அதக் கழட்டி மடியில வெச்சுக்குங்கம்மா. புதுக் கூரை, வார்னிஷ் கீறிடும்."

கொராந்தின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ மொதல்ல உன் கால்சட்டையக் கழட்டி மடியில வெச்சுக்கடா. புதுச் சீட்டு, துணி அழுக்காயிடும்."

வண்டி முழுக்கச் சிரித்தது. ஆனால் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டுதான் போனோம். முன் இருக்கையில் ஃபுவெனான் ஊர்க்காரி ஒருத்தி, காதை ஒட்டின மாதிரி சின்னக் குல்லா போட்டவள், திரும்பிப் பார்த்து, "எங்களுக்கெல்லாம் எடம் தாராளமாத்தான் இருக்கு" என்றாள். முப்பத்தைந்து கிலோமீட்டர் என் மடியையே பார்த்துக்கொண்டு போனேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் விட்ட பாவம் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

இதைச் செய்த கையை மத்தி எண்ணெயில் பொரிக்க வேண்டும் என்கிறாள் கொராந்தின். யார் கை மாமா? அப்புறம் சொல்வதாக எழுதியிருந்தீர்கள்.

இப்படிக்கு, உங்கள் மருமகள்
பெரினா


பாரிஸ்
22 மார்ச் 1935

குனியாத குலத்தில் பிறந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் குனிந்து போன பெரினாவுக்கு,

நான் சுகம் என்று எழுத வந்தேன், முடியவில்லை. உன் கடிதம் படித்ததிலிருந்து என் ரத்தம் கொதிக்கிற சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் காப்பி போட எழுந்துவிடுகிறார். உன் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கொராந்தினுக்கு என் வணக்கம். என்னை எண்ணெயில் போட, அதாவது அந்தக் கையை எண்ணெயில் போட, அவளுக்கு முழு உரிமை உண்டு.

கை என்று ஏதோ எழுதினேனா? வயதாகிவிட்டது. அது யாரோ ஒரு பாரிஸ் கழுதையின் கையாக இருக்கும். சொந்தத் தலை இல்லாதவன் அடுத்தவன் தலைக்குக் கூரை போட்டால் இப்படித்தான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கல்வெட்டில் செதுக்கிக்கொள்: குனியாதே! நம் ஊர்க்காரர்கள் வரி கொடுக்க மறுத்தபோது ராஜாவின் படை வந்து நம் மாதா கோயில் கோபுரங்களை வெட்டிப் போட்டது. போன்லபேயில் அந்த மொட்டைக் கோபுரம் இன்னும் நிற்கிறது. "கல் கோபுரத்தைத்தானே வெட்டினாய், இதோ வெட்டு பார்க்கலாம்" என்று அன்றைக்கு நம் பெண்கள் தலையில் லேஸ் கோபுரம் கட்டிக்கொண்டார்கள் என்பது நம்மூர்ப் பேச்சு. சரித்திர வாத்தியார்கள் மறுப்பார்கள். அவர்கள் தலையில் என்ன இருக்கிறது? வழுக்கை. ராஜாவுக்குக் குனியாத தலை ஃப்ளோக்கின் வார்னிஷுக்குக் குனிவதா? இனி ஒருமுறை குனிந்தாய் என்று கேள்விப்பட்டால் நான் உனக்கு மாமன் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். உன் கையெழுத்து மழையில் நனைந்த எறும்பு மாதிரி இருக்கிறது. ஒன்றரைச் சாண் என்று படித்தேன். ஒன்றரை விரலா, ஒன்றரைச் சாணா? சும்மா கேட்கிறேன்.

கோபத்திலும் அன்பு குறையாத,
குவெனோலே


கெரித்தி
15 ஏப்ரல் 1935

அன்புள்ள மாமாவுக்கு,

கழுத்து தேவலை. உங்கள் ரத்தம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். சாண்தான் மாமா. ஒன்றரைச் சாண். கொராந்தினுடையது அதற்கும் கொஞ்சம் மேலே.

நீங்கள் எழுதியதை ஏழு பேருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். கொராந்தின் அழுதுவிட்டாள். "பேச்சுல எல்லாரையும் அடிச்சுட்டான் பாவி" என்றாள். இனிக் குனிவதில்லை என்று அங்கேயே சத்தியம் செய்தோம். அதனால் இரண்டு சனிக்கிழமை பேருந்தின் தரையில் உட்கார்ந்து போனோம். வரிசையாக, இருக்கைகளுக்கு இடையே போகிற நடுவழியில், நிமிர்ந்த தலையோடு. ஹெர்வே எங்களைத் தாண்டித் தாண்டி டிக்கெட் கிழித்ததில் ஒருமுறை மரியாதையில்லாமல் என் மத்திக்கூடையில் காலை விட்டுவிட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. "கூரையைத் தொடும் குல்லாவுடன் பயணம் செய்யக் கூடாது. தரையில் உட்காரக் கூடாது." கீழே ஃப்ளோக்கின் கையெழுத்து.

மீன் டப்பி ஆலையின் லாரி எங்களை ஏற்றிக்கொண்டது. ஆனால் அது ஈஸ்டர் வரைக்கும்தான். அதற்குப் பிறகு மத்தி வர ஆரம்பித்தால் லாரிக்கு ஓய்வு கிடையாது. ரயிலில் போகலாமே என்று எழுதிவிடாதீர்கள். அது போய்ச் சேர்வதற்குள் கெம்பேர்க்காரர்கள் மதியச் சாப்பாட்டை முடித்திருப்பார்கள்.

கெம்பேர் சந்தையில் இரண்டாவது தூணுக்குப் பக்கத்து இடம் அம்மாவுடையது. இருபத்திரண்டு வருடம் அங்கே நின்றாள். காலை எட்டு மணி அடிக்கும்போது இடம் காலியாக இருந்தால் மேற்பார்வையாளர் புத்தகத்தில் ஒரு கோடு போடுவார். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை கோடு விழுந்தால் இடம் வேறொருவருக்கு. அந்த ஃபுவெனான்காரி இப்போதே அந்தத் தூணில் சாய்ந்து நின்று பார்க்கிறாள்.

நீங்கள் பாரிஸில் இருக்கிறீர்கள். வண்டிப் பட்டறை ஆட்களை உங்களுக்குத் தெரியும். ஏதாவது செய்ய முடியுமா?

பதிலை எதிர்பார்க்கும்
பெரினா


பாரிஸ்
29 ஏப்ரல் 1935

கண்மணி பெரினாவுக்கு,

உடனே எழுதாததற்கு மன்னித்துவிடு. முழங்கால். பேனா பிடிக்கிறது கையாக இருந்தாலும், முழங்காலின் அனுமதி இல்லாமல் அது ஒன்றும் செய்வதில்லை. ஈஸ்டருக்கு என்ன செய்தாய்? வெண்ணெய்க் கேக் சுட்டாயா? இங்கே ஒன்று வாங்கினேன். அதைக் கடித்த பல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன் விஷயத்தை இரவும் பகலும் யோசித்தேன். வீரம் பெரிது. ஆனால் வீரத்திலும் ஒரு நாசூக்கு உண்டு. நான் ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று உன் அம்மா நிலையத்துக்கு வந்தாள். அவள் குல்லா எவ்வளவு உயரம் என்கிறாய்? நாலு விரல். வெறும் நாலே விரல்! ஆனால் அந்த நாலு விரலில் என்ன கம்பீரம்! ரயில் எஞ்சின் ஊதுவதற்கு முன் அவளிடம் அனுமதி கேட்டது. சுத்தமான, பழைய, அசல் உயரம் அதுதான். படித்தவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆகவே, சனிக்கிழமை மட்டும், பேருந்துக்கு மட்டும், நாலு விரல் குல்லா ஒன்று போட்டுக்கொண்டால் என்ன? இதைக் குனிவது என்று யார் சொல்வார்கள்? முன்னோர் வழி என்றுதான் சொல்வார்கள். இடமும் போகாது, மானமும் போகாது. யோசித்துப் பார்.

உன் நலமே நாடும்,
மாமா


கெரித்தி
5 மே 1935

மாமாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு கோடு விழுந்துவிட்டது. ஏப்ரல் 27, மே 4. வரும் சனிக்கிழமை மூன்றாவது.

நேற்று சந்தைக்குப் போக வழியில்லாததால் ஏழு பேரும் ஃப்ளோக்கின் கொட்டகைக்குப் போனோம். கொராந்தின் ஆரம்பித்தாள். அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"என்னை ஏன் திட்டுறீங்க? நான் கேட்டுத்தான் செஞ்சேன்! பொம்பளைங்க தலையில உயரமா வைப்பாங்க, பாத்து அளவு போடுங்கன்னு பட்டறைக்கு எழுதினேன். அளவு குடுத்ததே உங்க ஊரு ஆளுதான்!"

உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தார். பட்டறையின் வரைபடம். உட்கார்ந்த பெண்ணின் உருவம் ஒன்று. தலைக்கு மேல் குறிப்பு: "குல்லா, நாலு விரல். இதற்கு மேல் கிடையாது. அவ்வூரில் பிறந்தவன் உறுதியளிப்பது." கீழே கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் தாளின் ஓரம் வரைக்கும் போயிருந்தது. அந்த வாலைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

"கை என்று எழுதினேனா" என்று நீங்கள் கேட்டபோதே எனக்குச் சந்தேகம்தான். நீங்களே சொல்வீர்கள் என்று ஆறு வாரம் காத்திருந்தேன். நீங்கள் சொன்னது நாலு விரல் குல்லா போடச் சொல்லி.

இப்போது கேளுங்கள். நீங்கள் போன பிறகு பங்குச்சாமியார், உயரக் குல்லா அகந்தை என்று பிரசங்கம் செய்தார். ஒரு விரல் உயர்த்தினோம். போன்லபே டாக்டர், கழுத்து நரம்புக்கு ஆகாது என்றார். இன்னொரு விரல். படத் தபாலட்டைக்குப் படம் பிடிக்க வந்த ஆள், "பழசுதான் அழகு, தாழ்வாப் போட்டுட்டு நில்லுங்க" என்றான். அந்த வருடம் இரண்டு விரல். யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் கூட்டம் கூட்டவில்லை. அம்மா கடைசியாகப் போட்டது ஒரு சாண். அடக்கத்துக்கு நீங்கள் வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். லீவு கிடைக்கவில்லை என்று எழுதினீர்கள்.

நாங்கள் இங்கே உயிரோடு இருக்கிறோம் மாமா. பதினாறு வருடமாக வளர்ந்துகொண்டிருக்கிறோம். நீங்கள் நிலையத்தில் விட்டுவிட்டுப் போன உயரத்தில் எங்களை நிற்கச் சொல்லாதீர்கள். அதை வேறு "அசல்" என்று எழுதாதீர்கள்.

எனக்கு மன்னிப்புக் கடிதம் வேண்டாம். அந்தக் கூரை எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது, எங்கே கழற்றலாம், இதை மட்டும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள்.

பெரினா


பாரிஸ்
8 மே 1935, அவசரத் தபால்

பெரினாவுக்கு,

சுகம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

ஆமாம். என் கைதான், நான் வேலை செய்கிற பட்டறைதான். பட்டறை மேஸ்திரி எல்லோருக்கும் முன்னால், "டேய் குவெனோலே, உங்க ஊரு பொம்பளைங்க தல எவ்ளோ உசரம்டா?" என்று கேட்டார். பதினாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒருவேளை மாறியிருக்கலாம், விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்ல என்னால் முடியவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால், அப்புறம் நான் எந்த ஊர்க்காரன்? விரலை மடக்கிக் காட்டினேன். நாலு.

இன்னொன்றும் இருக்கட்டும். டிராம் எதுவும் எனக்கு வழிவிடவில்லை. அந்த உடுப்பை இங்கே ஒரே ஒருமுறை போட்டேன், வந்த முதல் வாரத்தில். தெருவில் ஒருத்தன், "சர்க்கஸ் எங்கே?" என்று கேட்டான். அன்றிலிருந்து அது பெட்டியில். உனக்குக் குனியாதே என்று எழுதியவன் இவன்.

நீ கேட்டது. கூரையின் நடுவில், டிரைவர் இருக்கையின் பின்னாலிருந்து கடைசி வரைக்கும், இரண்டு சாண் அகலத்தில் ஒரே நீளப் பலகை போகிறது. மேலே எண்ணெய்த்துணி, அதை உள்ளிருந்து தள்ளினால் சுருண்டு ஒதுங்கிவிடும். பலகையைப் பிடித்திருப்பவை இருபத்தொரு திருகாணிகள். பித்தளை மூடி போட்டிருக்கும், நகத்தால் நெம்பினால் வரும். பெரிய திருப்புளியாகப் பார்த்துக் கொல்லனிடம் கடன் வாங்கு. இடப்பக்கம் மூன்றாவது திருகாணி அசையாது. அன்றைக்கு எனக்கு மேஸ்திரியோடு சண்டை, அந்தக் கோபத்தை அதில்தான் ஏற்றினேன். மரச்செருப்பால் ஒரு அடி போட்டுவிட்டுத் திருப்பு.

நடுவழியில் உட்காருங்கள், ஆனால் தரையில் அல்ல. மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல். அறிவிப்பில் பெட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை. பலகை திறந்துவிட்டால் உன் குல்லா எதையும் தொடாது. அதாவது, வானத்தைத் தவிர.

குவெனோலே


கெரித்தி
13 மே 1935

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். கழுத்து உட்பட. முழங்காலை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். அதற்கு இங்கே நான் வேலை வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் உங்கள் கடிதம் வந்தது. முதல் பக்கத்தை யாருக்கும் வாசிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தை ஏழு பேரும் மனப்பாடம் செய்தோம்.

சனிக்கிழமை விடிந்ததும் ஏறினோம். தலையைத் தாழ்த்தி, ஞானஸ்நானத்துக்குப் போகிற மாதிரி அமைதியாக, நடுவழியில் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். ஹெர்வே அறிவிப்பை எடுத்து இரண்டு முறை படித்துப் பார்த்தார். பெட்டி அதில் இல்லை. ஊர் எல்லை தாண்டியதும் நான் பாவாடை மடிப்பிலிருந்து திருப்புளியை எடுத்தேன்.

"ஏம்மா, என்ன பண்றீங்க?"

"காத்து வரல ஹெர்வே" என்றாள் கொராந்தின். "வயசானவ. மூச்சு முட்டுது."

"மேல கைய வெக்காதீங்க! மொதலாளி என்னைக் கொன்னுடுவாரு!"

"உன்னைக் கொல்ல அவரு எதுக்குடா? நாங்க ஏழு பேரு இருக்கமே."

மூன்றாவது திருகாணி நீங்கள் எழுதியபடியே அசையவில்லை. கொராந்தின் மரச்செருப்பைக் கழற்றி ஒரே அடி. உங்கள் பெயரைச் சொல்லித்தான் அடித்தாள். பலகை இறங்கியது. எண்ணெய்த்துணியைத் தள்ளினோம். வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஏழு பேரும் ஒன்றாக நிமிர்ந்தோம்.

வெளியிலிருந்து அது எப்படி இருந்தது என்று பிறகுதான் கேள்விப்பட்டோம். ஒரு பச்சைப் பேருந்தின் கூரையில் ஏழு வெள்ளைத் தூண் முளைத்து ஓடுகிறது. வயலில் இருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டார்கள். போன்லபேயில் ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டாராம். காற்றுக்கு நாங்கள் புதுசா? எங்கள் கரையில் வீசாத காற்றா? சைக்கிளில் போகும்போது எப்படியோ அப்படியே முகத்தைக் கொடுத்தோம்.

டிரைவருக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. வழியில் ஓக் மரக்கிளைகள் தாழ்வாக இருக்கிற இடம் இருக்கிறதே. குல்லா கிளையில் மாட்டினால் தலையும் கூடப் போகும், பழி வண்டியின்மேல் விழும். "ஹெர்வே, மேல பாத்துச் சொல்லுய்யா!" என்று கத்தினார். ஹெர்வே வேறு வழியில்லாமல் படியில் தொங்கிக்கொண்டு, "வருது, வருது, இப்ப!" என்று கூவ, ஏழு பேரும் ஒரே சமயத்தில் தலையைத் தாழ்த்தி, கிளை போனதும் நிமிர்ந்தோம். மூன்று கிளை. மூன்றாவதற்கு அவரே சிரித்துவிட்டார். மரத்துக்குக் குனிந்தது கணக்கில் சேராது என்று கொராந்தின் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்த ஃபுவெனான்காரி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள், கெம்பேர் வருவதற்குள், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எனக்கும் காத்து வேணும்" என்றாள்.

எட்டு அடிப்பதற்கு ஆறு நிமிடம் இருந்தது. மேற்பார்வையாளர் இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு நின்றார். நான் கானாங்கெளுத்திக் கூடையை அவர் காலடியில் இறக்கினேன். "யார் இடம்?" என்றார், தெரியாதவர் மாதிரி. "என் இடம்" என்றேன். மணி அடித்தது. பென்சிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அரைக்கிலோ மீன் வாங்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் ஃப்ளோக் வந்து சேர்ந்தார். பேருந்தைச் சுற்றிப் பாதிச் சந்தை கூடியிருந்தது.

"பலகைய மாட்டு! இப்பவே மாட்டு!" என்று ஹெர்வேயிடம் குதித்தார்.

"மாட்டிடலாம் மொதலாளி. திருகாணி இல்ல."

"எங்க?"

நாங்கள் ஏழு பேரும் ஆளுக்கு மூன்று வைத்திருந்தோம்.

"இது திருட்டு!"

"திருட்டு இல்லீங்க, பத்திரம்" என்றேன். "ஒன்றரைச் சாண் உயரமா கூரைய ஏத்துங்க. அன்னைக்கு இருபத்தொண்ணும் கைக்கு வந்துடும். மழைக்காலத்துக்கு முன்னாடி ஏத்திட்டா உங்களுக்கும் நல்லது. உங்க சீட்டுத் துணிதான் நனையும்."

"போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்புடுங்க. போலீஸ்காரரு பொண்டாட்டியும் எங்க ஏழு பேருல ஒருத்திதான், இதோ என் பக்கத்துல நிக்கிறா, அவகிட்டயும் மூணு இருக்கு."

திரும்பி வருகிறபோதும் பலகை இல்லாமல்தான் வந்தோம். அவர் பாரிஸுக்கு எழுதப்போவதாகக் கேள்வி.

நீங்கள் செய்த தப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் கொராந்தின் திருகாணியை அடித்ததோடு உங்கள் கணக்கை முடித்துவிட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் மருமகள்,
பெரினா


பாரிஸ்
3 ஜூன் 1935

இரண்டாவது தூணின் சொந்தக்காரி பெரினாவுக்கு,

நான் சுகம். முழங்கால் வலிக்கவில்லை. அதிகம் எழுதப்போவதில்லை, பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஃப்ளோக்கின் கடிதம் பட்டறைக்கு வந்தது. கூரையை உயர்த்த வேண்டுமாம், புது வளைவு செய்து அனுப்ப வேண்டுமாம். மேஸ்திரி என்னை நடுவில் நிறுத்தினார். அதே பதினாறு பேர்.

"சொல்லுடா ஊர்க்காரா. இப்ப எவ்ளோ உசரம்?"

ஒன்றரைச் சாண் என்று உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. வாய் திறந்தால் போதும். ஆனால் அது மார்ச் மாதத்து அளவு. நடுவில் ஒரு பங்குச்சாமியார் வாயைத் திறந்திருந்தால்?

"தெரியாது" என்றேன்.

பட்டறையில் சுத்தியல் நின்றது. என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை அவர்கள் யாரும் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை. மேஸ்திரி, "அப்போ யாருக்குத்தான் தெரியும்?" என்றார். "அதப் போட்டிருக்கிறவங்களுக்குத்தான். நேர்ல போய் அளந்துட்டு வரணும்" என்றேன். "லீவு கெடையாது" என்றார். "நான் லீவு கேக்கல, போறேன்னு சொன்னேன்" என்றேன். அவர் என்னென்னவோ கத்தினார். நான் அதற்குள் அளவுநாடாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் வேலை இருக்குமா என்பது அவர் பாடு.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். பெட்டியிலிருந்து உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டாகிவிட்டது. வெல்வெட்டைப் பூச்சி கொஞ்சம் தின்றிருக்கிறது. இடுப்புப் பொத்தான் இரண்டு, பதினாறு வருடத்தில் என்னை விட்டு வெகுதூரம் போய்விட்டன. ஆனாலும் பாரிஸ் நிலையத்திலேயே அதைப் போட்டுக்கொண்டுதான் ஏறுவேன். யாராவது சர்க்கஸ் எங்கே என்று கேட்டால், "கெரித்தியில், சனிக்கிழமை காலை, பச்சைப் பேருந்து, இப்போதே போனால் இடம் கிடைக்கும்" என்று சொல்வதாக உத்தேசம்.

முதலில் அக்காவின் கல்லறைக்கு. தனியாகப் போய்க்கொள்கிறேன்.

சனிக்கிழமை நீங்கள் ஏழு பேரும் பெட்டிகளின் மேல் உட்காருங்கள். நான் அளக்கிறேன். முதலில் சிரித்து முடித்துவிடுங்கள், குல்லா ஆடினால் அளவு தப்பும். அளவுக்கு மேல் எத்தனை விரல் விட்டுவைக்க வேண்டும் என்பதை உங்களுக்குள் பேசி முடிவு செய்து வையுங்கள். கொராந்தின் இருக்கிற சபையில் முடிவு வராது என்று தெரியும். வராவிட்டால் சொல்லிவிடுங்கள், கூரையே வைக்காமல் விட்டுவிடுகிறேன்.

உங்கள் ஊர்க்காரன்,
குவெனோலே திராவ்லெக்